முதலில் சூடு, அப்புறம் பால்: நாய் குட்டி போடும் வீட்டுக்கு ஒரு வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் தோட்டத்து வீடு என்றால் ஒரு நாயாவது இருக்கும். ராத்திரியில் பன்றி வந்தாலும் திருடன் வந்தாலும் குரைக்க ஆள் வேண்டுமே. அது பொட்டை நாயாக இருந்து சினையும் பிடித்துவிட்டால், வீட்டுப் பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: “அது பாட்டுக்குப் போட்டுக்கும், நீ கிட்டப் போகாத.” நாட்டு நாயைப் பொறுத்தவரை இது முக்கால்வாசி உண்மை. ராஜபாளையம், சிப்பிப்பாறை போன்றவையும் பெரும்பாலும் தாமாகவே ஈன்றுவிடும். ஆனால் குட்டி போடுவது வேறு, போட்ட குட்டி பிழைப்பது வேறு.

சாகும் குட்டிகளில் பெரும்பாலானவை பிரசவத்தின்போதோ அதற்கடுத்த ஒரு வாரத்துக்குள்ளோதான் சாகின்றன. மூச்சுத் திணறல், குளிர், பால் போதாமை, கிருமித் தொற்று, தாய் மேலே படுத்து நசுக்குவது எனக் காரணங்கள் பல. இவற்றில் வீட்டில் இருப்பவர் கையில் முழுசாக இருப்பது குளிர் ஒன்றுதான். அதில்தான் வரிசையை மாற்றிச் செய்துவிடுகிறோம். சோர்ந்து, சில்லென்று கிடக்கும் குட்டியைப் பார்த்ததும் ஃபில்லரில் பால் எடுத்து வாயில் விடுவார்கள். உடம்பு குளிர்ந்த குட்டிக்குக் குடல் வேலை செய்யாது. உள்ளே போன பால் செரிக்காமல் தங்கும், அல்லது நுரையீரலுக்குள் இறங்கும். சூடு முதலில், பால் அப்புறம். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

நாள் கணக்கும் முன்னேற்பாடும்

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சேர்ந்த தேதியிலிருந்து எண்ணினால் 58 முதல் 68 நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும் ஈனலாம். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். 55 நாளுக்கு மேல் ஒரு எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றில் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். வீண் செலவு என்று தோன்றும். ஆனால் நாலு குட்டி வந்தபின் நாய் படுத்துக்கொண்டால், முடிந்ததா, இன்னொன்று உள்ளே மாட்டியிருக்கிறதா என்று நடுராத்திரியில் தெரிய வேறு வழி இல்லை. பக், ஷிட்சூ, புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய் வைத்திருப்பவர்கள் எக்ஸ்ரேவோடு நிற்காமல் சிசேரியன் பற்றியும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசிவிடுங்கள். அவற்றின் குட்டிகளுக்குத் தலை பெரிது, தாய்க்கு இடுப்பு குறுகல்.

சாப்பாட்டில், கடைசி மூன்று வாரம் ராகிக் களியும் மோரும் மட்டும் போதாது. முட்டை, கோழி, ஈரல் ஏதாவது தினமும் சேர வேண்டும். வயிற்றில் இடம் குறைவதால் கொஞ்சம் கொஞ்சமாக மூன்று நாலு வேளை கொடுங்கள். சினையாக இருக்கும்போது கால்சியம் டானிக் ஊற்றும் வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். வெளியிலிருந்து கால்சியம் வந்துகொண்டே இருந்தால், எலும்பில் சேர்த்து வைத்ததை எடுத்துப் பயன்படுத்தும் வேலையை உடம்பு நிறுத்திவிடும். குட்டி போட்டபின் திடீரெனப் பால் சுரக்கும்போது ரத்தத்தில் கால்சியம் விழுந்து வலிப்பு வரும்.

அப்புறம் ஆள் பலம். அரசு கால்நடை மருந்தகம் பகலில்தான் இருக்கும், நாய்கள் பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். ராத்திரியில் போனை எடுக்கும் தனியார் டாக்டர் ஒருவரின் எண்ணை இப்போதே வாங்கி வையுங்கள். பெரிய அறுவை சிகிச்சை என்றால் ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்குப் பெங்களூரு பக்கம். தர்மபுரி, அரூர்க்காரர்கள் சேலம் அல்லது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருக்கும். தர்மபுரியிலிருந்து போனால் நடுவில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. ராத்திரியில் லாரிகளுக்கு இடையே அவசரமாக இறங்கும் சாலை இல்லை அது. ஆகவே கிளம்பும் முடிவை நேரத்தோடு எடுங்கள். 1962 என்பது கால்நடை ஆம்புலன்ஸ் எண். முக்கியமாக ஆடு மாடுகளுக்காக ஓடுவது, நாய்க்கும் உங்கள் ஊருக்கும் வருவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இடம்

ஈனுவதற்கு ஒரு வாரம் முன்பே இடத்தைக் காட்டி, அங்கே படுக்கப் பழக்குங்கள். ஆள் நடமாட்டம் இல்லாத, காற்று நேராக அடிக்காத மூலையாக இருக்கட்டும். தாய் கைகால் நீட்டிப் படுக்கும் அளவுக்குப் பலகையாலோ செங்கல்லாலோ நான்கு பக்கமும் அடைத்தால் போதும். தடுப்பு முக்கால் முழ உயரத்துக்கு மேல் வேண்டாம், மடி இடிக்கும். உள்ளே சுவரை ஒட்டி, தரையிலிருந்து நாலைந்து விரல் உயரத்தில் ஒரு பைப்பையோ சட்டத்தையோ ஓட்டிவிடுங்கள். தாய் சுவரோடு சாயும்போது நடுவில் மாட்டும் குட்டிக்கு அந்த இடுக்குதான் உயிர்.

தரையில் முதலில் சாக்கு, அதன்மேல் செய்தித்தாள், அதன்மேல் பழைய வேட்டி. சேலை போட்டால் கரையையும் நூல் பிரிந்த இடத்தையும் வெட்டி எறியுங்கள். ஒற்றை நூல் குட்டியின் காலில் சுற்றி இறுகினால் இரண்டு நாளில் கால் போய்விடும்.

எறும்பை யாரும் யோசிப்பதில்லை. ஈரமும் பால் வாசமும் இருந்தால் ராத்திரியோடு ராத்திரியாகச் சாரை பிடித்து வரும். கண் திறக்காத குட்டிக்கு நகர்ந்து தப்பத் தெரியாது. நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். சின்னப் பெட்டி என்றால் நான்கு மூலைக்கும் செங்கல் வைத்து, செங்கல்லைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள். எறும்புப் பொடி, எறும்புச் சாக்பீஸ் இரண்டும் அந்த அறைக்குள்ளேயே வேண்டாம். தாய் தரையை நக்கும், குட்டியையும் நக்கும்.

இனி சூடு. முதல் வாரம் குட்டி படுக்கும் தரை மட்டத்தில் 85 முதல் 90 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். கோழிக்குஞ்சுக்குப் போடும் குண்டு பல்பை ஒரு மூலையில் மட்டும் தொங்கவிடுங்கள். சூடு அதிகமானால் விலகிப் போக மறு மூலை வேண்டும். எல்இடி பல்பு உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும். பட்டுப்புழு மனை வைத்திருப்பவர் வீட்டில் வெப்பமானி தொங்கும், கேட்டு வாங்கி இரண்டு வாரம் பெட்டியில் வையுங்கள். அதுவும் இல்லையென்றால் குட்டிகளே சொல்லும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்தால் குளிர்கிறது. ஆளுக்கொரு மூலையில் வாய் திறந்து கிடந்தால் சூடு தாங்கவில்லை. பக்கத்தில் பக்கத்தில் படுத்து, தூக்கத்தில் காலை வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தால் எல்லாம் சரி.

மார்கழி, தை மாதத்தில் தளி, அஞ்செட்டிப் பக்கம் ராத்திரி முழுக்க பல்பு எரிய வேண்டும். கரண்டு போனால் சுடுதண்ணீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி வையுங்கள், வெறும் பாட்டில் தோலைச் சுட்டுவிடும். சித்திரையில் தர்மபுரியில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே கதையே வேறு. அங்கே பகலில் பல்பே வேண்டாம், கூரைமேல் தென்னங்கீற்றும் ஈரச் சாக்கும் போட்டுச் சூட்டை இறக்குவதுதான் வேலை. ஃபேனை நேராகக் குட்டிமேல் திருப்பாதீர்கள்.

கையோடு இருக்க வேண்டியவை: டிஜிட்டல் தெர்மாமீட்டர், சுத்தமான துண்டுகள் ஒரு டஜன், கொதிக்க வைத்த நூல், கத்தரிக்கோல், பொவிடோன் அயோடின், மளிகைத் தராசு, மூக்குச் சளி உறிஞ்சும் ரப்பர் பல்பு, குளுக்கோஸ் பவுடர், ஒரு தக்காளி கிரேட். ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் கிரேட் இல்லாத வீடு ஏது? அடியில் போர்வை மடித்துப் போட்டால் குட்டிகளைத் தற்காலிகமாக வைக்கவும், டாக்டரிடம் தூக்கிப் போகவும் அதைவிட நல்ல பெட்டி கிடையாது.

அந்த நாள் வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

57ஆம் நாளிலிருந்து காலை மாலை ஆசனவாயில் வெப்பம் பாருங்கள். வழக்கமாக 100.5 முதல் 102.5 வரை இருப்பது 99-க்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் ஈனும். இறங்கி ஒரு நாள் கடந்தும் வலி எடுக்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் போடுங்கள்.

அடுத்து நாய் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காது. மண்ணைப் பறிக்கும், துணியைக் கிழிக்கும், மூச்சு வாங்கும், நடுங்கும், சிலது வாந்தியும் எடுக்கும். இது 6 முதல் 12 மணி நேரம் போகும், முதல் ஈற்று என்றால் இன்னும் நீளும். இந்த நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரே ஒரு ஆள், நாய்க்குப் பழகிய ஆள், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்திருந்தால் போதும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைக் கூட்டி வந்து காட்டுவதும் செல்போன் லைட் அடிப்பதும் வேண்டாம். பயந்த நாய்க்கு வலி நின்றுபோகும். முதல் ஈற்று நாய் மிரண்டால் குட்டியைக் கடிக்கவும் செய்யும்.

குட்டி வரும்போது

வயிறு இறுகி முக்கத் தொடங்கியதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை முன்னால் வரலாம், பின்னங்கால் முன்னால் வரலாம். நாய்க்கு இரண்டுமே சகஜம், பத்தில் நாலு குட்டி கால் பக்கமாகத்தான் வரும். பின்னங்கால் மடங்கி வால் மட்டும் முன்னே வந்தால்தான் சிக்கல்.

குட்டி ஒரு சவ்வுப் பைக்குள் இருக்கும். தாய் அதைக் கிழித்து, தொப்புள்கொடியைக் கடித்து, நக்கித் துடைக்கும். அந்த நக்கல்தான் குட்டியின் மூச்சைத் தொடக்கி வைப்பது. அரை நிமிஷம் பாருங்கள். தாய் கவனிக்கவில்லை என்றால் நீங்கள் இறங்கலாம். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்ற பயம் வீட்டு நாய்க்குத் தேவையில்லை.

சவ்வை மூக்குப் பக்கத்தில் விரலால் கிள்ளிக் கிழித்துப் பின்பக்கமாக உரியுங்கள். குட்டியின் தலையைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து, வாயைத் துணியால் துடைத்து, ரப்பர் பல்பால் முதலில் வாய், பிறகு மூக்கு என்று நீரை உறிஞ்சுங்கள். தொப்புள்கொடியை வயிற்றிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி நூலால் கட்டி, கட்டுக்கு வெளியே வெட்டி, முனையை அயோடினில் முக்குங்கள். சாம்பல், மஞ்சள், சாணி எதுவும் வேண்டாம். கொடியைக் குட்டியின் வயிற்றிலிருந்து வெளிப்பக்கமாக இழுக்காதீர்கள், குடல் பிதுங்கும்.

ஒவ்வொரு குட்டிக்கும் ஒரு நஞ்சு (நஞ்சுக்கொடி) வரும், குட்டியோடோ கொஞ்ச நேரம் கழித்தோ. எண்ணிக்கொள்ளுங்கள். தாய் ஒன்றிரண்டைத் தின்றால் பரவாயில்லை, எல்லாவற்றையும் தின்றால் பேதியாகும். அடுத்த குட்டிக்கு முக்கும்போது பிறந்தவற்றை, தாய் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, சூடான கிரேட்டுக்கு மாற்றுங்கள். முக்கல் நின்றதும் திரும்ப மடியில் விடுங்கள். குட்டி சப்பச் சப்ப அடுத்த வலியும் நன்றாக வரும்.

மூச்சு விடாத குட்டி

துவண்டு, நாக்கு நீலம் பாரித்து, அசையாமல் வரும் குட்டி செத்த குட்டி என்று முடிவு கட்டாதீர்கள். விரல் நுனியால் நெஞ்சின் இரு பக்கமும் மெல்லப் பிடித்துப் பாருங்கள். படபடவென்று துடிப்பு தெரிந்தால் உயிர் இருக்கிறது.

வாயையும் மூக்கையும் துடைத்தபின், காய்ந்த துண்டில் வைத்து முதுகையும் நெஞ்சையும் முடிக்கு எதிராக நன்றாகத் தேயுங்கள். நாம் பயந்து பயந்து தடவுவோம், அது போதாது. தாய் நாக்கு குட்டியைப் புரட்டிப் போடும் வேகத்தில் தேய்க்க வேண்டும். துண்டு நனைந்ததும் மாற்றுங்கள், ஈரம் சூட்டை இழுத்துவிடும். ஒரு நிமிஷம் ஆகியும் மூச்சு வரவில்லையென்றால் கழுத்தை நேராக நீட்டி, குட்டியின் மூக்கையும் வாயையும் உங்கள் உதட்டால் மூடி, கன்னத்தில் இருக்கும் காற்றை மட்டும் ஊதுங்கள். நெஞ்சு லேசாக எழும்பினால் போதும், பலமாக ஊதினால் நுரையீரல் கிழியும். ஊதுவது, தேய்ப்பது, ஊதுவது, தேய்ப்பது. துடிப்பும் இல்லையென்றால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நெஞ்சைப் பிடித்து வேகமாக, இலேசாக அமுக்கி விடுங்கள்.

முதல் மூச்சு வாயைப் பிளந்து விக்கல் மாதிரி ஒன்று வரும். அப்புறம் நீண்ட இடைவெளி விட்டு இன்னொன்று. அதைப் பார்த்ததும் நிறுத்திவிடாதீர்கள். நாக்கு இளஞ்சிவப்பாகி, குட்டி கத்தும்வரை தொடருங்கள். இருபது நிமிஷம் ஆகியும் துடிப்பே இல்லையென்றால் விட்டுவிடலாம்.

குட்டியைக் கையில் பிடித்துத் தலைகீழாக வீசி நீரை இறக்கும் பழைய முறை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. மூளையில் ரத்தக்கசிவு வரும், கைநழுவியும் போகும். வேண்டவே வேண்டாம்.

எப்போது டாக்டர்?

முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வந்தால், நஞ்சு பிரிந்துவிட்டது, உள்ளே குட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்று பொருள். முதல் குட்டி வந்தபின் பச்சை வருவது சாதாரணம். அரை மணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் வரவில்லை, விட்டுவிட்டு முக்கி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, உள்ளே குட்டி இருக்கிறது என்று தெரிந்தும் நாலு மணி நேரம் வலியே இல்லை, சிவப்பு ரத்தம் நிற்காமல் கொட்டுகிறது: இதில் எது நடந்தாலும் காத்திருக்க வேண்டாம். பாதி வெளியே வந்து மாட்டிய குட்டியை மட்டும், போனில் டாக்டர் இருக்கும்போதே, துண்டால் பிடித்து, தாய் முக்கும் நேரத்தில் தாயின் பின்னங்கால் பக்கமாகக் கீழ்நோக்கி மெல்ல இழுத்துப் பார்க்கலாம். தாய் நிறுத்தினால் நீங்களும் நிறுத்துங்கள்.

ஒரு எச்சரிக்கை. “வலி ஊசி ஒண்ணு போட்டா வந்துரும்” என்று மருந்துக் கடையிலோ மாட்டுக்கு ஊசி போடுபவரிடமோ ஆக்ஸிடோசின் வாங்கிப் போடுவது இங்கே சர்வ சாதாரணம். எங்கள் உறவினர் தோட்டத்தில் அப்படி ஒரு ஆள் போட்டார். குட்டி குறுக்கே கிடந்தது. வழி அடைத்திருக்கும்போது ஊசி போட்டால் கருப்பை இறுகிக் கிழியும், நஞ்சு பிரிந்து மற்ற குட்டிகளும் சாகும். அங்கே நடந்ததும் அதுதான், தாயும் பிழைக்கவில்லை. குட்டி எப்படிக் கிடக்கிறது என்று சோதிக்காமல் அந்த ஊசியைப் போட எந்த நல்ல டாக்டரும் சம்மதிக்க மாட்டார். விளக்கெண்ணெய் ஊற்றுவதும் உதவாது.

முதல் சில நாட்கள்

பிறந்ததும் ஒவ்வொரு குட்டியையும் எடை போட்டு எழுதுங்கள். அடையாளத்துக்கு வெவ்வேறு நிற நெயில் பாலிஷை ஒரு நகத்தில் வைக்கலாம். கழுத்தில் நூல் கட்டாதீர்கள். வாய்க்குள் விரல் விட்டு மேல் அண்ணம் பிளந்திருக்கிறதா, ஆசனவாய் இருக்கிறதா என்றும் பாருங்கள். பால் மூக்கு வழியாக வந்தால் அண்ணத்தைத் திரும்பப் பாருங்கள்.

சீம்பால் முதல் சில மணி நேரத்திலேயே உள்ளே போக வேண்டும். நோய் எதிர்ப்புச் சக்தியில் பெரும்பங்கு அதில்தான் வருகிறது. ஒரு நாள் கழிந்தால் குடல் அதை உள்ளே விடாது. முண்டியடிக்கும் பெரிய குட்டிகளை விலக்கி, சின்னதைப் பின்பக்கக் காம்பில் நீங்களே பிடித்து வையுங்கள், அங்கேதான் பால் அதிகம்.

முதல் நாள் எடை கொஞ்சம் குறையலாம், பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. அதன்பின் தினமும் ஏற வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை இரட்டிக்கும். ஏறாமல் நின்ற குட்டிதான் நாளைக்கு நோயாளி. கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசு காட்டிக் கொடுக்கும்.

ஒதுங்கிக் கிடந்து, விடாமல் முனகும் குட்டியைத் தூக்குங்கள். வாய்க்குள் சுண்டுவிரலை வையுங்கள். நல்ல குட்டி விரலை நாக்கால் சுற்றி இழுக்கும். வாய்க்குள் சில்லென்று இருந்து, சப்பவும் இல்லையென்றால் குளிர்ந்துவிட்டது. முதல் வாரக் குட்டிக்கு 95 முதல் 97 டிகிரி உடல் வெப்பம் இருக்க வேண்டும். 94-க்குக் கீழே என்றால் பாலை மறந்துவிடுங்கள். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்து, மேலே துண்டு போட்டு, ஒன்றிரண்டு மணி நேரத்தில் மெல்ல மெல்லச் சூடேற்றுங்கள். அடுப்பு ஓரம், ஹேர் டிரையர் வேண்டாம், திடீர்ச் சூடும் ஆபத்து. உடம்பு வெதுவெதுப்பானதும் ஈறில் குளுக்கோஸ் தண்ணீர் ஒரு துளி தடவுங்கள். 96-ஐத் தொட்டு, விரலைச் சப்பத் தொடங்கியபின் தாயிடம் விடுங்கள்.

தாய்க்குப் பால் இல்லையென்றாலோ, தாயே இல்லையென்றாலோ நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடர் வாங்குங்கள். நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியிருக்க, பசும்பாலில் தண்ணீரும் கலந்து கொடுப்பது பட்டினி போடுவதற்குச் சமம். பவுடர் வரும்வரை ஒரு நாள் சமாளிக்க, தண்ணீர் கலக்காத ஒரு கப் பாலில் மூன்று முட்டை மஞ்சள் கரு அடித்துக் கலக்கலாம். வயிற்றைக் கீழே வைத்துப் படுத்த நிலையில், தலையைச் சற்றே தூக்கிக் கொடுங்கள். கைக்குழந்தை மாதிரி மல்லாக்கப் பிடித்தால் பால் மூச்சுக்குழாயில் போகும். 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 3, 4 மில்லி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம், ராத்திரியும் சேர்த்து. குடித்ததும் ஈரப் பஞ்சால் பின்பக்கத்தைத் தடவிவிட்டால்தான் குட்டி மூத்திரமும் மலமும் போகும். தாய் நக்கிச் செய்யும் வேலை அது.

தாயையும் பாருங்கள்

பச்சையாகவும் பிறகு செம்பழுப்பாகவும் மூன்று வாரம் வரை கசியலாம். நாற்றம் அடித்தால், காய்ச்சல் வந்தால், உள்ளே எதுவோ தங்கிவிட்டது. மடி ஒரு பக்கம் மட்டும் கல்லாகிச் சுட்டால் மடிநோய். குட்டிகளைப் பிரித்துவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். குட்டி போட்ட சில வாரத்துக்குள், சிறிய இன நாய் விறைத்து நடந்து, தசை துடித்து, மூச்சிரைத்தால் ரத்தத்தில் கால்சியம் விழுந்துவிட்டது. அது மணிக்கணக்கில் காத்திருக்கும் நோய் இல்லை.

தெரு நாய் சாக்கடை ஓரத்தில் போட்டிருந்தால் தூக்கிக்கொண்டு தூரமாகப் போகாதீர்கள். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறும் இடமென்றால் மட்டும், தாய் பார்க்கப் பார்க்கக் கிரேட்டில் வைத்து, பத்தடி தள்ளி மேட்டுக்கு மாற்றி, மேலே ஒரு தார்ப்பாய் கட்டுங்கள். தாய்க்குத் தினமும் சாப்பாடு வைத்தால் மீதியை அது பார்த்துக்கொள்ளும்.

வீட்டுக் குட்டிகளுக்குக் கண் 10 முதல் 14 நாளில் திறக்கும், நீங்களாகத் துடைத்துத் திறக்காதீர்கள். குடற்புழு தாயின் வயிற்றிலேயே தொற்றிக்கொள்வதால் இரண்டு வாரத்தில் முதல் பூச்சி மருந்து, பிறகு எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, எடைக்குத் தக்க அளவு டாக்டரிடம் கேட்டு. உண்ணிக்கும் தெள்ளுப்பூச்சிக்கும் பெரிய நாய் மருந்தைக் குட்டிமேல் தெளிக்காமல், சீப்பால் வாரி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசி. அது போடும்வரை குட்டியை யாருக்கும் கொடுக்காதீர்கள், எத்தனை பேர் வந்து கேட்டாலும்.